பன்னிரண்டால் வகுத்த பிறகு

படிவத்தில் அது பதினான்காவது கேள்வி. 'குடும்பத்தின் சராசரி மாத வருமானம்' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்.

கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்த முதல் வாரம். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, எத்தனை பேர், எத்தனை மாடு, கூரை என்ன கூரை என்ற கேள்விகளையெல்லாம் சரசரவென்று முடித்துவிட்டு இதைக் கேட்டேன். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"எந்த மாசத்தைக் கேக்குறீங்க தம்பி?"

"பொதுவா சொல்லுங்கம்மா. மாசத்துக்கு எவ்வளவு வரும்?"

"பொதுவா ஒரு மாசம்னு எங்களுக்கு எதுவும் கிடையாதே."

கிண்டலாகச் சொல்லவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டே விளக்கினார். அறுவடை முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். வந்த சூட்டோடு பாதி பழைய கடனுக்குப் போய்விடும். அடுத்த இரண்டு மாதம் மற்றவர்கள் நிலத்தில் வேலை இருக்கும், கூலி கிடைக்கும். அப்புறம் மூன்று மாதம் ஊரில் யாருக்குமே வேலை கிடையாது. கைமாற்று வாங்கித்தான் ஓட்ட வேண்டும். அதற்குள் விதைப்பு வந்து நிற்கும். அது செலவு மட்டுமே உள்ள காலம். களையெடுப்பில் கொஞ்சம் கூலி. வெளியூரில் இருக்கும் மகன் அனுப்பினால் உண்டு. அனுப்பாத மாதம் கேட்கவும் முடியாது.

எல்லாவற்றையும் படிவத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டு போய் சாயங்காலம் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "வருஷத்துக்குக் கூட்டு. பன்னிரண்டால் வகு. கட்டத்தில் போடு. இதற்கு எதற்குக் கதை?" என்றார். வகுத்தேன். வந்த எண் ஒன்றும் மோசமில்லை, சிக்கனமாக இருந்தால் சமாளிக்கலாம் போலத்தான் தெரிந்தது. ஆனால் அந்தத் தொகை வந்த மாதம் என்று அந்த அம்மாவின் வாழ்க்கையில் ஒன்றுகூட இருந்திருக்காது.

இரண்டு ஆண்டு அப்படி வீடு வீடாகப் போனேன். அப்புறம் நாலைந்து ஆண்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் நிரப்பிக் கொண்டுவந்த படிவங்களைக் கணினியில் ஏற்றினேன். ஆயிரக்கணக்கான பதினான்காம் கட்டங்கள். இப்போது வேறு வேலை. இருந்தாலும் கிராமத்து வறுமை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அந்த ஒற்றைக் கட்டம்தான் கண்ணில் நிற்கிறது.

வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. துண்டு நிலம், அல்லது அதுவும் இல்லை. மழையை நம்பிய பயிர். சாலை போகாத ஊர், தூரத்துப் பள்ளி, அதைவிடத் தூரத்தில் மருத்துவமனை. பிறப்பைச் சொல்லி மனிதரை ஒதுக்கும் வழக்கம். எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் நாள்காட்டியை யாரும் சேர்ப்பதில்லை. பணம் ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருகிறது. வயிறு தினமும் பசிக்கிறது. இந்த இடைவெளியில்தான் ஏழை மேலும் ஏழையாகிறார் என்பது என் கட்சி.

பெரிய கணக்குகளிலும் இதே வகுத்தல்தான். உலக வங்கியின் கடும் வறுமைக் கோடு ஒரு நாளைக்கு 2.15 டாலராக இருந்து, 2025 ஜூனில் 3 டாலராக மாறியது. ஒவ்வொரு நாட்டிலும் பணத்துக்கு உள்ள வாங்கும் சக்தியைச் சமன்செய்து போட்ட தொகை இது. கடும் வறுமையில் வாழ்பவர்களில் ஐந்தில் நால்வர் கிராமப்புறத்தவர் என்று அதே வங்கி 2020-ல் எழுதியது. ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும் என்பது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் 'ஒரு நாளைக்கு' என்று சொன்ன உடனே அறுவடை நாளும் அடுப்பு எரியாத நாளும் ஒன்றாகிவிடுகின்றன.

இடைவெளி எப்படி ஆளைத் தின்கிறது என்பதைப் பல வீடுகளில் பார்த்தேன். ஒருவர் நல்ல உழவு மாடு ஒரு ஜோடி வைத்திருந்தார். முதல் சுற்றில் படிவத்தில் எழுதினேன்: மாடு 2. அடுத்த சுற்றில் போனபோது மாடு 0. வேலையில்லாத மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. அந்தச் சமயத்தில் ஊரில் எல்லாருக்கும் முடை, அதனால் மாட்டுக்கும் விலையில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். அடுத்த விதைப்புக்கு உழவு மாட்டை வாடகைக்கு எடுத்தார். வாடகை மாடு அதன் சொந்தக்காரர் நிலத்தை உழுது முடித்த பிறகுதான் வரும். விதைப்பு தள்ளிப்போனது, விளைச்சல் குறைந்தது. சோம்பேறித்தனம், குடி, அறியாமை என்றெல்லாம் வெளியே நின்று காரணம் சொல்பவர்கள் இந்த வரிசையை ஒரு தடவை கூட்டிப் பார்க்க வேண்டும். அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் அன்றைக்குச் சரியான முடிவுதான்.

அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் இந்தியா, கென்யா, உகாண்டா, பெரு எனப் பல நாட்டுக் கிராமங்களில், குடும்பங்கள் எப்படி வறுமைக்குள் விழுந்தன என்று அவர்களிடமே கேட்டுத் தொகுத்தார். ஒரே கிராமத்தில், ஒரே காலத்தில், சிலர் மேலே ஏறிக்கொண்டும் சிலர் கீழே விழுந்துகொண்டும் இருந்தார்கள். விழுந்தவர்கள் அதிகம் சொன்ன காரணம் நோயும் மருத்துவச் செலவும். ஏறுவதற்கு ஏணி கொடுப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், விழாமல் பிடிப்பதைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. பக்கத்தில் ஒரு நல்ல ஆரம்ப சுகாதார நிலையம் இருந்திருந்தால் அந்த மாடுகள் அந்த வீட்டிலேயே இருந்திருக்கும்.

அடுத்தது விலை. அறுவடையின்போது எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கிறார்கள், விலை தரையில் கிடக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே ஆட்கள் அதே தானியத்தை வாங்கப் போகிறார்கள், அப்போது விலை கொம்பில் ஏறி நிற்கிறது. வைத்திருந்து விற்கலாமே என்றால், கடன்காரர் களத்துமேட்டிலேயே நிற்கிறார். கென்யாவில் மக்காச்சோளம் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு அறுவடை நேரத்திலேயே கடன் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவடை முடிந்து கையில் பணம் இருக்கும் நேரத்தில் யாராவது கடன் கொடுப்பார்களா என்று தோன்றும். ஆனால் அந்தக் கடன் இருந்ததால் அவசரச் செலவுக்காகத் தானியத்தை விற்கவில்லை. வைத்திருந்து, விலை ஏறியபின் விற்றார்கள், கையில் அதிகம் நின்றது. இன்னொன்றும் நடந்தது: ஒரு வட்டாரத்தில் நிறையப் பேர் இப்படித் தானியத்தை வைத்திருந்தபோது, அறுவடை விலைக்கும் பஞ்சகால விலைக்கும் உள்ள வித்தியாசமே சுருங்கியது. கடன் வாங்கியவருக்கு லாபம் குறைந்தது, கடன் வாங்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்மை. இது 2019-ல் வெளியான ஆய்வு.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்பதை நான் வெறும் லாப நஷ்டப் பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது கேட்டால், அவன் கணக்குப் பார்க்கும் நாள் எது என்ற கேள்வியும் அதற்குள் இருப்பதாகப் படுகிறது. எல்லாக் கடன்காரரும் கூடிவரும் நாளில்தான் உழுதவனின் கணக்கு முடிக்கப்படுகிறது.

உழைப்புக்கும் இதே கதி. பஞ்ச மாதங்களும் பயிருக்குக் களை எடுக்கும் காலமும் பல இடங்களில் ஒன்றாக வரும். வீட்டில் தானியம் தீர்ந்தவர் தன் வயலில் களை மண்ட விட்டுவிட்டு, அன்றைய கூலிக்காக அடுத்தவர் வயலில் களை எடுக்கப் போவார். ஜாம்பியாவின் கிழக்குப் பகுதியில் அந்த மாதங்களில் விவசாயக் குடும்பங்களுக்குத் தானியமாகவோ பணமாகவோ சிறு கடன் கொடுத்து, அறுவடைக்குப் பிறகு திருப்பி வாங்கினார்கள். கடன் கிடைத்தவர்கள் தங்கள் சொந்த வயலில் அதிக நேரம் நின்றார்கள், விளைச்சல் கூடியது. கூலிக்கு வரும் ஆள் குறைந்ததால் கூலியும் ஏறியது. புதிய விதை கிடையாது, பயிற்சி முகாம் கிடையாது. சரியான மாதத்தில் ஒரு சிறு கடன், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும். கணக்கெடுப்பு வேலையின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. 'வந்துவிடும், வந்துவிடும்' என்றார்கள். பெரிய பட்டினியெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் நான் நிரப்பிய படிவங்களில்தான் அதிகக் கூட்டல் பிழை. ஒரு வீட்டில் நாலு குழந்தைகள் என்று அவர்கள் சொல்ல, நான் மூன்று என்று எழுதியிருந்தேன். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது என் மூளை, இந்த மாதம் யாரிடம் கேட்பது, போன மாதம் வாங்கியவரிடம் என்ன சொல்வது என்று தனியாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. சம்பளம் வந்ததும் பிழைகள் நின்றன.

பல ஆண்டு கழித்து ஓர் ஆய்வைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. 2013-ல் வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம், அறுவடைக்கு முன்பு ஒருமுறை, பணம் வந்த பிறகு ஒருமுறை, அதே வகைப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆள் அதே ஆள்தான். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள், முன்பு தடுமாறினார்கள். பிறகு அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், விவாதம் முடிந்துவிடவில்லை. நான் ஆராய்ச்சியாளன் இல்லை. மூன்று என்று எழுதிய அந்த நாலாவது குழந்தையை வைத்து, நான் கரும்பு விவசாயிகள் பக்கம்.

இன்னொரு முட்டாள்தனம்: "அறுவடைப் பணத்தை அப்படியே சேர்த்து வைத்திருந்தால் என்ன?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "யாருக்குத் தெரியாம சேக்குறது தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். கணவர் கேட்பார், கொழுந்தனார் கேட்பார், பக்கத்து வீட்டில் பிரசவம் என்றால் அவர்கள் கேட்பார்கள். நாளைக்கு நமக்கும் அவர்கள்தான் என்பதால் மறுக்கவும் முடியாது. கையில் இருக்கும் பணம் எல்லாருடைய பணம்.

சரி, என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மறுபடியும் கென்யாதான். ஒப்பந்த முறையில் கரும்பு போடும் விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீடு விற்கப் போனார்கள். பிரீமியத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னபோது வாங்கியவர்கள் 5 சதவீதம். அதே காப்பீட்டை, பிரீமியத்தை அறுவடையின்போது கரும்புப் பணத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்று சொன்னபோது 72 சதவீதம். 'விவசாயிகளுக்குக் காப்பீட்டின் அருமை புரிவதில்லை, விழிப்புணர்வு வேண்டும்' என்று எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்! அவர்களுக்கு எல்லாம் புரிகிறது. தேதிதான் சரியில்லை.

உரத்திலும் இதே கதைதான். மேற்குக் கென்யாவில், உரம் தேவைப்படும் சமயத்தில் விற்காமல், அறுவடை முடிந்து கையில் காசிருக்கும் வாரத்திலேயே வீட்டுக்குப் போய், "இப்போதே பணம் கட்டிவிடுங்கள், உரத்தை இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம்" என்றார்கள். பருவம் வந்தபின் பாதி விலைக்குக் கொடுத்தால் எத்தனை பேர் வாங்குவார்களோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இதிலும் வாங்கினார்கள். அரசுக்கு மானியச் செலவு மிச்சம்.

ஏழைகளுக்குச் சிறு தொகையாகக் கொடுக்கும் நுண்கடன் விஷயத்தில் என் ஆர்வம் குறைந்துகொண்டே போனது. முகமது யூனுஸ் 1976-ல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கி வைத்தது பெரிய விஷயம். ஈடு காட்டச் சொத்தில்லாத ஏழையும் கடனைத் திருப்பிக் கட்டுவார் என்று உலகத்துக்குக் காட்டினார். ஆனால் வாரத் தவணை, அதுவும் கடன் வாங்கிய அடுத்த வாரமே தொடங்கும் தவணை, தினமும் வியாபாரம் நடக்கும் பெட்டிக்கடைக்குப் பொருந்தும், ஆறு மாதம் கழித்து அறுக்கும் பயிருக்குப் பொருந்தாது. பயிர் வைத்தவர் அந்தத் தவணையைக் கட்ட வேறொருவரிடம் கடன் வாங்குவார். படிவத்தில் 'நிலுவை இல்லை' என்று அழகாகப் பதிவாகும்.

பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-ல் வங்கதேசத்தில் பரம ஏழைகளுக்கென்று ஆரம்பித்த திட்டம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. மாடு, ஆடு, கோழி என்று ஏதாவது ஒரு வருமான ஆதாரத்தை இனாமாகவே கொடுத்தார்கள். கூடவே பயிற்சி, சேமிப்பு, வாரா வாரம் வந்து விசாரிக்க ஓர் ஆள். முக்கியமாக, அந்த மாடு கறக்கத் தொடங்கும்வரை சாப்பாட்டுக்கு ஒரு சிறு உதவித்தொகை. இந்தக் கடைசி விஷயம் இல்லாவிட்டால் மாட்டை விற்றுத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். இதே பாணியை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் முயன்று, 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பிறகும் குடும்பங்களின் செலவழிக்கும் திறனும் சொத்தும் கூடியே இருந்தன.

வேலை உறுதித் திட்டத்தையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். இந்தியா 2005-ல் இயற்றிய சட்டம், கிராமக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலைக்கு உறுதி சொன்னது. 15 நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. குளம் வெட்டினார்களா, மண்ணைத்தான் அள்ளிப் போட்டார்களா என்பது பற்றியே ஊரெல்லாம் விவாதம். வேலையில்லாத மாதத்தில் அந்தக் கூலி வந்ததா என்பதே எனக்கு முதல் கேள்வி. 15 நாளில் வரவேண்டிய கூலி இரண்டு மாதம் கழித்து வந்தால், அது வருவதற்குள் அந்த வீடு கந்துவட்டிக்குப் போய்த் திரும்பியிருக்கும். தொகை அதேதான், கணக்குப் புத்தகத்திலும் குறையில்லை. பாதி பலன் போய்விட்டது.

எல்லாமே தேதி மாற்றினால் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வங்கதேசத்தின் வடக்கே ரங்பூர் பகுதியில், நெல் அறுவடைக்கு முந்தைய மாதங்களின் பட்டினிக்கு 'மங்கா' என்றே பெயர். 2008-ல் அங்கே ஒரு சோதனை நடந்தது: அந்த மாதங்களில் நகரத்துக்கோ வேறு மாவட்டத்துக்கோ வேலைக்குப் போய்வர, சுமார் எட்டரை டாலர், பேருந்துச் செலவுக்காகக் கொடுத்தார்கள். நிறையப் பேர் கிளம்பினார்கள். வீட்டில் சாப்பாடு கூடியது. அடுத்த ஆண்டு பணம் கொடுக்காமலே பலர் மறுபடி போனார்கள். உலகமே புகழ்ந்தது. பிறகு அதைப் பெரிய அளவில் விரித்தபோது பழைய பலன் கிடைக்கவில்லை. 2019-ல் திட்டத்தை நடத்திய அமைப்பே அதை நிறுத்தி, நிறுத்தியதை வெளிப்படையாகவும் சொன்னது. தோல்வியைச் சொன்ன அந்த நேர்மைக்காகவே அந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் நிலம். அறுவடையே இல்லாதவரிடம் அறுவடைத் தேதி பற்றிப் பேசி என்ன பயன்? ஜப்பானில் 1946 முதலும், தென்கொரியாவில் 1950 முதலும், தைவானில் 1953-லும் குத்தகைக்காரர் கைக்கு நிலம் மாறியது. அந்த நாடுகள் பின்னால் எழுந்ததில் அதற்கு ஒரு பங்கு உண்டு. நிலத்தையே மாற்ற முடியாத இடத்திலும் செய்ய வழி இருக்கிறது. மேற்கு வங்கத்தில் 1978-ல் தொடங்கிய ஆபரேஷன் பர்காவில், நிலச் சொந்தக்காரரோடு விளைச்சலைப் பங்கிட்டுப் பயிரிடுபவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். பங்குக்கும், வெளியேற்றப்படாமல் இருப்பதற்கும் உரிமை கிடைத்தது. பெயர் பதிவில் இருப்பவர்தான் அடுத்த ஆண்டை நம்பி இந்த ஆண்டு மண்ணில் எருவைப் போடுவார். சாலை, பள்ளி, பெண்கள் பெயரில் பட்டா எல்லாவற்றையும் பற்றி எழுதலாம். மற்றவர்கள் என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

வேலையை விடுவதற்கு முன் கடைசியாக ஒரு சுற்று களத்துக்குப் போனேன். அந்தச் சுற்றில் யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு படிவத்தின் பின்பக்கத்திலும் அளவுகோல் வைத்துப் பன்னிரண்டு கோடுகள் போட்டேன். பதினான்காம் கேள்வி வந்ததும் தாளைத் திருப்பி, மாதம் மாதமாகக் கேட்டேன். வரவு, செலவு, கைமாற்று. நேரம் இரண்டு மடங்கு பிடித்தது. ஆனால் மக்கள் ஆர்வமாகச் சொன்னார்கள். சிலர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, "இந்த மாசம் இல்ல, அதுக்கு அடுத்தது" என்று திருத்தினார்கள். ஒருவர் தன் பள்ளிக்கூட மகளைக் கூப்பிட்டு, அதே கோடுகளை அவள் நோட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

கட்டு கட்டாகப் படிவங்கள் அலுவலகத்துக்குப் போயின. ஒரு மாதம் கழித்து, பின்பக்கத்தை எப்போது ஏற்றப்போகிறீர்கள் என்று கணினிப் பிரிவில் கேட்டேன். அங்கிருந்த பையன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம சாஃப்ட்வேர்ல காலமே இல்லையே சார்" என்றான்.